மூன்று சுற்றுக் கம்பியில் வந்த குரல்

என் வீட்டுக்காரர் ஸ்டூல்மேல் ஏறி நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் நாலைந்து ஆணிகள். இடது தோளில் எனாமல் பூசிய செம்புக் கம்பி ஒரு வளையமாகத் தொங்கியது. நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காது மெஷினைக் கழற்றி வைத்திருந்ததால் சுத்தியல் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அது ஸ்டூலின் கால் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. தாராவியில் மாடி வீடு என்றால் அவ்வளவுதான். கூரைக்கு ஒரு சாண் கீழே கம்பி கிளம்பியது. பீரோவுக்குப் பின்னால் போய், சாமி படத்துக்கு மேலே ஏறி, ஜன்னலைத் தாண்டி மறுபடி பீரோவுக்கே வந்தது. அது ஒரு சுற்று. அன்றைக்கு அவர் நாற்பது சுற்று சுற்றினார்.

"எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்டேன்.

ஆணியைக் கடித்தபடியே ஏதோ பதில் சொன்னார். வாயில் ஆணி இருந்தால் உதட்டையும் படிக்க முடியாது. சரி, சுற்றட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் இதே பத்திரிகையில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்: "எல்லாம் சொன்னீர்கள் டீச்சர், காது எப்படிப் போனது என்று சொல்லவில்லையே?" காது போன கதை சின்னது. போன பிறகு நடந்ததுதான் பெரிய கதை. அதைச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்திச் சொல்ல முடியாதவை

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் குக்கர் விசில் போனது. அப்புறம் காலிங்பெல். பிறகு கடைசி பெஞ்சு.

பிள்ளைகள் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார்கள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி, "சரி, உட்கார்" என்பேன். வகுப்பு முழுக்கப் பல் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. என்மேல்தான் வந்தது. பணிக்காலம் முடிவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் துரைக்குத் தொண்ணூறடி ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை. மிக்ஸி, ஃபேன், தையல் மெஷின், தண்ணீர் பம்ப் என்று எரிந்துபோன மோட்டார் எதுவானாலும் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பிறந்தது இங்கேதான், படித்தது இந்திப் பள்ளிக்கூடம். பேச்சு மட்டும் மாமனார் மாமியார் கொண்டுவந்த அசல் திருநெல்வேலிப் பேச்சு. தமிழ் எழுதவோ படிக்கவோ வராது.

அவர் குரல் ரொம்பத் தணிந்த குரல். பக்கத்துக் கடையில் கிரைண்டர் மெஷின் தீப்பொறி பறக்க ஓடினாலும் அவர் குரல் உயராது. கடைக்கு வருகிறவர்கள்தான் காதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு பழக்கம். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வந்த மோட்டார்களைப் பற்றிச் சொல்வார். "மாட்டுங்காலேர்ந்து ஒரு மாமி மிக்ஸி கொண்டாந்தா டீச்சர். தெறந்தா உள்ள முழுக்க அடை மாவு. கேட்டா, நான் இட்லிக்கு மட்டும்தான் அரைப்பேன்ங்கா." இப்படித்தான் இருக்கும். பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் பகல் முழுவதும் காத்திருப்பேன். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் அது கிண்டல். பிறகு அதுவே பெயராகிவிட்டது.

காது போனதும் அவர் கத்த வேண்டியதாயிற்று. "சாவி!" "பாலு!" "மருந்து!" எங்கள் சந்தில் ஒரு வீட்டில் கத்தினால் பன்னிரண்டு வீட்டுக்குக் கேட்கும். அடை மாவுக் கதையை யாராவது கத்திச் சொல்வார்களா? கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு இளைத்துச் சாமான் பெயர்களாக ஆகிவிட்டது. கடைசியில் அதுவும் போய், கையை ஆட்டிக் காட்டுவதோடு நின்றது.

ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவருக்காக ஏங்குவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என் மகள் பெங்களூரிலிருந்து வந்து, பேசினால் எழுத்தாக்கும் ஒரு செயலியை என் ஃபோனில் போட்டுக் கொடுத்தாள். அவருடைய பேச்சில் திருநெல்வேலி பாதி, பம்பாய் இந்தி மீதி. அந்தச் செயலி இரண்டு வரி எழுதிப் பார்த்துவிட்டுத் திணறிவிட்டது. அதை வைத்துக்கொண்டு சிரித்தோம், வேறு பயனில்லை.

நம்ம ஆளு

செம்பூரில் ஒரு இடத்தில் காது மெஷின் வாங்கினோம். வலது காது அதற்குள் முழுதாகப் போய்விட்டது. இடது காதுக்கு மட்டும்தான். மெஷினைப் போட்டதும் உலகம் திரும்பி வந்தது, ஆனால் எல்லாமே ஒன்றாக வந்தது. பாத்திரம், ஹாரன், பக்கத்து வீட்டு டிவி, தெருவில் மீன்காரி எல்லாருக்கும் ஒரே சத்தம். அந்தக் கூட்டத்தில் இவருடைய தணிந்த குரலுக்கு இடமே கிடைக்கவில்லை.

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. நான் டீச்சர், எதையும் படிக்காமல் எறிய மாட்டேன். மெஷினில் ஒரு சின்னப் பொத்தான், அதற்கு எதிரே ஆங்கில 'டி' எழுத்து. அதை அமுக்கினால் மைக் நின்றுவிடும், உள்ளே இருக்கும் சுருள் வேலை செய்யும் என்று சீட்டு சொன்னது. கடையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "வோ ஃபோன் கே லியே ஹை ஆன்ட்டி, ஆப் கோ க்யா கரனா ஹை" என்று, அது ஃபோனுக்குத்தான், உங்களுக்கு எதற்கு என்கிற மாதிரி சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "இதுக்குள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்காம்."

அவர் மெஷினை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பல மாதத்துக்கு அப்புறம், ஒரு முழு வாக்கியம் கத்தினார். "சுருளா? அப்ப இது நம்ம ஆளு டீச்சர்!"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பாடம் நடத்திவிடுகிறேன். பழக்கதோஷம்.

பள்ளியில் ஒவ்வொரு வருடமும் மேஜைமேல் ஒரு கம்பிச் சுருளை வைப்பேன். அதன் இரண்டு முனையையும் முள் ஆடும் கருவியில் இணைப்பேன். ஒரு சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் செருகினால் முள் துள்ளும். வெளியே இழுத்தால் மறுபக்கம் துள்ளும். காந்தத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் முள்ளும் சும்மா இருக்கும். "காந்தம் எவ்வளவு பெரிசு என்பது மட்டும் கணக்கு இல்லை பிள்ளைகளே. அது மாற வேண்டும். காந்தப்புலம் மாறும்போது மட்டும்தான் கம்பியில் மின்னியக்கு விசை பிறக்கும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு விசை." இதற்குப் பெயர் மின்காந்தத் தூண்டல். தேர்வில் ஐந்து மதிப்பெண். நான் இதை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், ஒரு முறைகூட ஆச்சரியப்பட்டதில்லை.

இதில் யாரும் வாழ்க்கைத் தத்துவம் தேட வேண்டாம். பாடம் அவ்வளவுதான்.

அன்றைக்கு முதல் தடவையாக 'டி' பொத்தானை அமுக்கினேன். சந்தின் இரைச்சல் சட்டென்று நின்றது. அதற்குப் பதிலாக 'கொர்ர்ர்' என்று ஒரு முனகல். மீட்டர் பெட்டிப் பக்கம் போனால் முனகல் பெரிதானது, விலகினால் குறைந்தது. ஃபேன் ரெகுலேட்டர் வேறு மாதிரி அலறியது. எங்கள் வீட்டுச் சுவருக்குள் எந்த வழியாகக் கரண்ட் கம்பி ஓடுகிறது என்று எனக்குக் காதாலேயே தெரிந்தது. மாறிக்கொண்டே இருக்கும் கரண்ட், அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம், அது என் காதில் இருக்கும் அரிசி அளவுச் சுருளைத் தொடுகிறது. ஆயிரம் முறை சொன்ன பாடம், கடைசியில் என் காதுக்குள் வந்து நின்றது.

மறுநாள் மாட்டுங்கா ஸ்டேஷனில் வேண்டுமென்றே நின்றேன். லோக்கல் கிளம்பும்போது 'டி'யில் ஒரு சீழ்க்கை, கீழிருந்து படிப்படியாக மேலே ஏறியது. பிளாட்பாரத்தில் அத்தனை பேர் இருந்தும் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. மூன்று ரயிலை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சந்து மீனாட்சி அம்மாள் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குத் தாமதமாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

'ச' வேண்டும்

யோசனை அவருடையதுதான். அறையையே ஒரு பெரிய சுருளாக்கிவிடலாம். நான்கு சுவரையும் சுற்றிக் கம்பி, அதை ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரோடு இணைக்க வேண்டும். அவர் மைக்கில் பேசினால் குரலுக்கு ஏற்றபடி கம்பியில் மின்னோட்டம் மாறும், காந்தப்புலம் மாறும், நடுவில் உட்கார்ந்திருக்கும் என் காதுச் சுருளில் குரல் பிறக்கும். இடையில் காற்றில் சத்தமே போக வேண்டாம். மீன்காரியும் டிவியும் உள்ளே வர முடியாது.

அதற்காகத்தான் அந்த ஸ்டூலும் ஆணியும்.

நாற்பது சுற்று முடிந்து, அவர் மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். எனக்குக் கேட்டது "ஊம்... ஓம்... ஊவ்". குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி. குரல் அவருடையதுதான், ஆனால் ஒரு சொல்கூடத் தேறவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவர் சைகையில் "பத்தலையா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி ஸ்டூலில் ஏறி இன்னும் இருபது சுற்று சுற்றினார். இன்னும் மோசமானது.

வைண்டிங்காரர் இல்லாத வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். வைண்டிங்காரர் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வேலை நடக்கவில்லையா, இன்னும் சுற்று.

நான் இரண்டு நாள் பழைய பாடக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது பக்கத்துச் சுருளில் மட்டும் விசை பிறப்பதில்லை, அதே சுருளிலும் பிறக்கிறது. அது அந்த மாற்றத்தையே எதிர்த்து நிற்கும். சுற்று கூடினால் எதிர்ப்பும் கூடும். மாற்றம் வேகமானதாக இருந்தால் இன்னும் அதிகம். பேச்சில் 'ச', 'ஷ', 'ஸ' எல்லாம் வேகமாக அதிர்கிற சத்தங்கள். அவர் சுற்றிய அறுபது சுற்றும் அவற்றை வாசலிலேயே மடக்கிவிட்டு, 'ஊ'வையும் 'ஓ'வையும் மட்டும் உள்ளே விட்டன.

"சுத்தைக் கொறைங்க" என்றேன்.

"முப்பது வருசமா கம்பி சுத்துதேன் டீச்சர். சுத்து கொறஞ்சா வலு எங்கருந்து வரும்?" சந்து முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"வலு வேண்டாம். எனக்கு 'ச' வேணும்."

பாதி நாள் சண்டை. கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்தார். இந்த முறை தரை ஓரமாக ஒட்டிச் சுற்றினோம், அங்கே ட்யூப்லைட்டின் முனகல் குறைவு. ஒரு சுற்றுக்கும் இரண்டு சுற்றுக்கும் கம்பியின் தடை போதாமல் ஆம்ப்ளிஃபயர் கொதித்தது. மூன்றில் அடங்கியது. நான் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன்.

"சுசீலா டீச்சர், சோறு சாப்ட்டியா?"

'ச' எல்லாம் கேட்டது. தணிந்த குரல்தான். உதடு அசைவதே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாகப் பேசினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பயந்துபோய், "வலிக்கா? கொறைக்கட்டா?" என்று எழுந்துவிட்டார். அதையும் மைக்கில்தான் சொன்னார், அதுவும் கேட்டது.

ஏழு மணி

அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் நாற்காலியில், அவர் கட்டிலில். தலை நிமிர்ந்து இருந்தால்தான் காதுச் சுருள் சரியாகப் பிடிக்கும். சாய்ந்தால் குரல் தேய்ந்துவிடும், படுத்தால் போயே போய்விடும். அதனால் இன்ஸ்பெக்ஷனுக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்திருப்பேன்.

முதல் இரண்டு நாள் மைக்கைப் பார்த்து வெட்கப்பட்டு, கடை போர்டில் எழுதியிருப்பதை ஒப்பித்தார். மூன்றாம் நாள் மோட்டார் கதைகள் வந்தன. அப்புறம், இத்தனை வருடத்தில் சொல்லாதவையும் வந்தன. எங்களுக்கு முதலில் பிறந்து தங்காமல் போன குழந்தையைப் பற்றி ஒருநாள் பேசினார். கத்திப் பேச முடியாமல் அடைந்து கிடந்தவை எல்லாம் அந்த மூன்று சுற்றுக் கம்பி வழியாக வந்தன.

ஒருநாள் சொன்னார், "கத்திக் கத்திப் பேசி, எனக்கு ஒம்மேல கோவம்னு எனக்கே தோண ஆரம்பிச்சிட்டு டீச்சர். எங் கொரலே கோவக்காரன் கொரலாயிட்டு. கோவமே இல்லட்டி. ஒரு நாளும் இல்ல." அப்போது அவர் குரல் உடைந்தது. அந்த உடைசல்கூடத் துல்லியமாகக் கேட்டது.

ரேடியோ நாடகம்

கீழ்வீட்டில் பாக்கியநாதன் அண்ணாச்சி இருக்கிறார். தோல் பை தைத்த மனிதர், எழுபது தாண்டியவர். மனைவி போய் மூன்று வருடம். மகள் பாண்டுப்பில். அவரும் காது மெஷின்காரர்.

மேலே சொன்ன பேச்சுக்கு மறுநாள், ஏழு மணிக்குச் சற்று முன்னால், அண்ணாச்சி படியேறி வந்தார். காது கேட்காதவர்கள் எல்லாரையும் போல உரக்கத்தான் பேசுவார், அதனால் எனக்கும் கேட்டது.

"டீச்சர்! எம் மெஷின்ல ரேடியோ எடுக்கு!"

"ரேடியோவா அண்ணாச்சி?"

"ஆமாங்கேன். அந்தப் பொத்தான அமுக்கினா சந்துச் சத்தமெல்லாம் அடங்கிருது. ஏக்தம் சாந்தி. சாயந்தரம் ஏழு மணியானா ஒரு ஆளு பேசுதான். நம்ம ஊர்ப் பேச்சு! ஏதோ மோட்டார் கடை வச்சிருக்கான் போல. பொண்டாட்டிகிட்டச் சொல்லுத மாதிரியே சொல்லுதான். அவளும் ஒங்கள மாதிரி டீச்சர் போல. அந்தம்மா பதிலுக்கு ஒரு வார்த்த பேச மாட்டேங்கா. கல் நெஞ்சுக்காரி. நேத்து பாவம் அழுதுட்டான். நானும் அழுதுட்டேன். நீங்க கேக்கியளா அந்த நாடகம்?"

கட்டிலில் என் வீட்டுக்காரர் மைக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மைக்கை மெல்லத் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

அண்ணாச்சிக்கு இருபது வருடப் பழக்கம். ஆனால் அவருக்கும் காது மந்தம், அதனால் அவர் கேட்டதெல்லாம் எங்கள் வீட்டுக்காரரின் "சாவி!", "பாலு!" குரல்தான். தணிந்த குரலை அவர் கேட்டதே இல்லை. எங்கள் தரைதான் அவர் கூரை என்பதை நாங்கள் இருவரும் மறந்துபோனோம். காந்தப்புலத்துக்குத் தரை ஏது, கூரை ஏது? பாடம் நடத்திய எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

அண்ணாச்சி போனதும் இவர் ப்ளக்கைப் பிடுங்கினார். "போதும். போதும்" என்று கத்தினார். பதினைந்து நாள் மைக்கைத் தொடவில்லை. மறுபடி கை ஆட்டல், மறுபடி "சாவி!"

டப்பா

அந்தப் பதினைந்து நாளுக்குள் செம்பூருக்குப் போக வேண்டிய தவணை வந்தது. அந்தப் பெண் சோதித்துவிட்டு, இந்த முறை சிரிக்காமல், காகிதத்தில் எழுதிக் காட்டினாள். இடது காதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதமோ, ஒரு வருடமோ, சொல்ல முடியாது. பஸ்ஸில் திரும்பும்போது, இன்னும் கேட்கக் கிடைத்திருக்கும் நாட்களைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீணாக்குகிறாரே என்று அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்றே கீழ்வீட்டுக்குப் போனேன். இரண்டு செவிடர்கள் ரகசியம் பேசினால் சந்தே கூடிவிடும். அதனால் எழுதிக் கொண்டுபோனேன்: "அண்ணாச்சி, அது ரேடியோ இல்லை. மேல்வீடு. எனக்கும் காது கொஞ்ச நாள்தான்."

இரண்டு தடவை படித்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். என் பேனாவை வாங்கி அடியில் "துரையா?" என்று எழுதினார். தலையாட்டினேன். காதிலிருந்து மெஷினைக் கழற்றி, திருட்டுச் சாமான்போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கர்த்தர்மேல ஆணையா எனக்குத் தெரியாது டீச்சர். மன்னிச்சிருங்க" என்றார்.

பொத்தானை அமுக்காமல் இருந்தாலே போதும். ஆனால் அமுக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் எப்படி நம்புவார்? அண்ணாச்சிக்கு அது புரிந்திருக்கிறது.

மறுநாள் ஏழு மணிக்கு, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அந்தச் செங்குத்து இரும்புப் படியில் ஏறி வந்தார். மறுகையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்து இவரிடம் காட்டினார். உள்ளே அவருடைய காது மெஷின். டப்பாவை எங்கள் வாசற்படியில் வைத்தார். "பேசுங்க. முடிஞ்சதும் படி லைட்ட அணைச்சு அணைச்சுப் போடுங்க, வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இவர் பேசவில்லை. இரண்டாம் நாளும் டப்பா வந்தது, பேசவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் நல்ல மழை. நனைந்த படியில் அண்ணாச்சி ஒவ்வொரு காலாக வைத்து ஏறி வருவதை இவர் ஜன்னலில் நின்று பார்த்தார். டப்பாவை வைத்துவிட்டு அவர் இறங்கியதும், இவர் மைக்கை எடுத்துச் சட்டையில் குத்தினார்.

"அந்த மனுசன் செவிடா கீழ போய் ஒக்காந்திருக்காரு. இனியும் நான் வாயத் தெறக்கலன்னா மனுசனா டீச்சர்?"

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார்.

அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை

இது நடந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. இன்றும் ஏழு மணிக்கு டப்பா வருகிறது. இன்றும் அவர் பேசுகிறார்.

இப்போது எழுதப் போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை எங்கள் சந்தில் இரண்டு வீட்டுக்குத்தான் வருகிறது. ஒன்று எங்கள் வீடு, அங்கே இவருக்குப் படிக்க வராது. இன்னொன்று கீழ்வீடு. அண்ணாச்சி அட்டை முதல் அட்டை வரை படிப்பார்.

அண்ணாச்சி, போன மழைக்காலத்தோடு எனக்குச் சொற்கள் போய்விட்டன. குரல் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் தெரிகிறது. கம்பி சரியாகத்தான் இருக்கிறது, காதுதான் முடிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் இந்த வீட்டில் மறுபடி கையாட்டல்தான். அவர் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்தபடி நான் 'உம்' போடுகிறேன். போன வாரம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக என்னையே பார்த்தார். "உம்" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. நான் எதற்குச் சம்மதித்தேன் என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

எனக்குக் கேட்காத பேச்சுக்காக நீங்கள் தினமும் செவிடாகக் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள். இனி அது வேண்டாம்.

நாளை முதல் டப்பாவில் பழைய பேட்டரியைப் போட்டு மூடிக் கொண்டுவாருங்கள். இவர் இப்போதெல்லாம் திறந்து பார்ப்பதில்லை. மெஷின் உங்கள் காதில் இருக்கட்டும். பொத்தானை அமுக்கிக்கொண்டு உட்காருங்கள். இது திருட்டுத்தனம்தான், தெரிந்துதான் கேட்கிறேன். பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

அவர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, காலையில் அவர் கடைக்குப் போனதும் கொடுங்கள். அவர் பேச்சு எப்படியோ அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். சுருக்க வேண்டாம். மோட்டார் கதைதானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.